குடை அக்கா வீடு திரும்பிய கதை

முசியே அந்துவான் இறந்த செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் வேலை பார்க்கும் அச்சகத்தில், மெய்ப்புப் பார்ப்பதற்காக என் மேசைக்கு வந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிதான் சொன்னது.

மெய்ப்புப் பார்க்கும்போது நான் கடைசி வரியிலிருந்து மேலே போகிறவள். மேலிருந்து படித்தால் மனம் பொருளுக்குப் பின்னால் ஓடிவிடும், பிழை கண்ணுக்குத் தப்பிவிடும். அன்றும் அப்படித்தான். ‘உப்பளம் நண்பர்கள்’ என்ற கடைசி வரியில் குறை ஒன்றுமில்லை. அடக்கம் நடக்கும் இடமும் நேரமும் சரியாக இருந்தன. அதற்கு மேலே இருந்த படத்தில் முகம் காகிதத்துக்கு வெளியே பார்த்தபடி இருந்தது. முகம் எழுத்துகளின் பக்கம் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு ‘படத்தைத் திருப்பவும்’ என்று எழுதினேன். மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தேனே தவிர யாருடைய மூக்கு என்று பார்க்கவில்லை. அதற்கும் மேலே போனபோதுதான் பெயர் வந்தது.

பக்கம் வடிவமைக்கும் தேவியிடம் தாளைக் கொடுத்துவிட்டு உப்பளத்துக்கு ஓடினேன். நண்பர் இறந்த சேதியைப் பார்ப்பதற்கு முன்பே அவரைத் திருத்தி முடித்திருந்தேன். என்னை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

மன்றத்து நண்பர்களே, நம் சிறுவர் திரை மன்றத்துக்கு முசியே வந்த விதம் நம்மில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. கருவடிக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தைக் கேட்டு வாங்கி, சனிக்கிழமை மதியம் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் படம் போட ஆரம்பித்திருந்தோம். நமக்கு இலவசமாகக் கிடைத்த டிஸ்குகள் எல்லாம் பிரெஞ்சில் பேசின. பிள்ளைகளுக்கும் புரியாது, செயலாளர் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த எனக்கும் புரியாது. அப்போது யாரோ சொல்லி, உப்பளத்திலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு ஒரு மனிதர் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். நம் ஊரில் சொல்வதுபோல் ஒரு சொல்தா. ‘ஐயா’ என்பதற்குப் பிரெஞ்சில் சொல்லும் ‘முசியே’ அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

"பட்டாளத்துல என்ன பண்ணீங்க?" என்று நேர்காணல்போலக் கேட்டேன். கேட்கிற தோரணை எனக்கு எப்போதும் உண்டு.

"சமையல்தாம்மா. துப்பாக்கிய விட கரண்டியத்தான் அதிகமாத் தூக்கினேன்" என்றார்.

அன்றே மைக்கை அவரிடம் கொடுத்துவிட்டோம். திரையில் முயல் பிரெஞ்சில் பேசும், முசியே அதற்குள் தமிழில் பேசிவிடுவார். முயலுக்கு ஒரு குரல், நரிக்கு ஒரு குரல் எல்லாம் கிடையாது. எல்லாவற்றுக்கும் அவருடைய கரகரத்த ஒரே குரல்தான். பிள்ளைகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை மின்சாரம் போயிற்று. பிள்ளைகள் கூடத்தை இரண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். முசியே தன் பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். ஜப்பான் படக்கதை, பிரெஞ்சில் மொழிபெயர்த்தது. அவருடைய மகள் செலினுடையது. செலினுக்கு அம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட்டாள். அத்தை பாரிசிலிருந்து அனுப்பிய அந்தப் புத்தகத்தை, முசியேதான் தினமும் மடியில் வைத்துப் படித்துக் காட்டியிருக்கிறார். செலின் வளர்ந்து, படிப்புக்கும் வேலைக்கும் பிரான்சுக்குப் போய்விட்டாள். புத்தகம் உப்பளத்து வீட்டு அலமாரியில் தங்கிவிட்டது.

அதில் ஒரு பெண், அவளிடம் மந்திரக் குடை. குடைக்கு எத்தனை கம்பியோ அத்தனை சக்தி. பிள்ளைகள் அவளுக்குக் ‘குடை அக்கா’ என்று பெயர் வைத்தார்கள். முசியே சொன்ன கதை மேகத்துக்கு மேலே ஆரம்பிக்கும். குடை அக்கா வானத்தின் காவல்காரி. ஒருநாள் கீழே பார்க்கிறாள், இறங்கி வருகிறாள். வழியில் தன் சக்திகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடுகிறாள். காற்றைப் பூனைக்கு, மின்னலைப் பேருந்து ஓட்டுநருக்கு, இடியை ஒரு திக்குவாய்ப் பையனுக்கு. கடைசியில் கையில் வெறும் கிழிசல் குடை. மழையில் நனைந்துகொண்டு தெருவில் ஓடுகிறாள், கதவு திறக்கிறது, அம்மா நிற்கிறாள், சாப்பாடு ஆவி பறக்கிறது. முடிந்தது.

அந்த இடம் வரும்போது அவர் புத்தகத்தைப் பிள்ளைகளின் பக்கம் திருப்பிப் பிடிப்பார். பிறகு யாராவது ஒருத்தி "இன்னொரு வாட்டி முசியே" என்பாள்.

எனக்கும் அந்தக் கதை பிடித்திருந்தது. ஆனாலும் குறை சொல்லாமல் இருக்க முடியுமா? "என்ன முசியே, இந்தப் பொண்ணு மொதல்ல நன்றி சொல்றா, அப்புறம் உதவி கேக்குறா? ஒண்ணும் ஒட்டலையே" என்றேன்.

"ஜப்பான்காரங்க ரொம்ப மரியாதை வசந்தாம்மா. கேக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்லிடுவாங்க போல. இருக்கட்டும்" என்றார்.

‘இருக்கட்டும்’ என்பது அவருடைய சொல். நாற்காலி ஒரு கால் ஆடினால் இருக்கட்டும். தேநீரில் சர்க்கரை போட மறந்தால் இருக்கட்டும். தலைப்பு போட்ட அட்டை புத்தகத்தின் பின்னால் இருக்கிறதே என்று கேட்டாலும் அதே பதில்தான். இன்னொன்றும் கவனித்தேன். அவர் திறக்கிற பக்கத்தில் முதல் தாளை யாரோ கிழித்திருந்தார்கள். தையலை ஒட்டி நறுவிசாகக் கிழித்த கிழிப்பு.

"உங்க பொண்ணு புஸ்தகத்த நல்லாத்தான் வச்சிருந்திருக்கு" என்று குத்தினேன்.

"சின்னப் புள்ள. கப்பல் செஞ்சி வுட்டிருக்கும்" என்று சிரித்தார்.

இத்தனையும் பார்த்தேன். அச்சுத் தொழிலில் தலை நரைத்தவள், புத்தகத்தை எந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்று மட்டும் பார்க்கவில்லை. ஜப்பான் புத்தகம் நம்முடையதுபோல் இல்லை, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போகிறது. பிரெஞ்சுக்காரர்கள் எழுத்தை மாற்றினார்கள், பக்கங்களை அப்படியே விட்டுவிட்டார்கள். முசியே பிரெஞ்சுப் புத்தகத்தை எப்படித் திறப்பாரோ அப்படித் திறந்தார். ஆக, முடிவிலிருந்து ஆரம்பித்து ஆரம்பத்தில் முடித்துக்கொண்டிருந்தார். பேச்சு குறைவு, படம் அதிகம் என்பதால் கதை ஓடிவிட்டது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிற மின்னலைப் படத்தில் பார்த்தால், கொடுக்கிறாளா வாங்குகிறாளா என்று யார் சொல்ல முடியும்?

ஒருமுறை நான், "இருக்கற சக்தியெல்லாம் குடுத்துட்டு வெறுங்கையா வர்றா. இதுல என்ன வீரம்?" என்றேன். அதற்கு அவர் சொன்னதை இன்றும் மறக்கவில்லை. "பட்டாளத்துல சேர்றது சுலபம்மா. எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துட்டு வூட்டுக் கதவத் தட்றதுதான் கஷ்டம்."

பிறகு அந்தப் படக்கதையையே படமாக எடுத்த டிஸ்க் வந்தது. முழு நீள அனிமேஷன் படம், பிரெஞ்சுக் குரலோடு. பிள்ளைகள் துள்ளிய துள்ளலைப் பார்த்து நமக்கும் தலைகால் புரியவில்லை. உப்பளத்தில் பெரிய கூடம் எடுத்தோம். வெள்ளைத்திரை கட்டினோம், புரொஜெக்டர் வாடகைக்கு வந்தது. பெற்றோர்களை அழைத்தோம். மேட்டுப்பாளையத்தில் தொழிற்சாலை வைத்திருந்த ஒருவரைச் சிறப்பு விருந்தினராக முன்வரிசையில் உட்காரவைத்தோம். மன்றத்துக்குச் சொந்தமாக ஒரு புரொஜெக்டர் வாங்கித் தருவார் என்ற நப்பாசை. முசியே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, மைக்கோடு நின்றார். உள்ளூரில் ஒரு கதாநாயகன் இருந்தால் அன்றைக்கு அவர்தான்.

"பாருங்க பசங்களா, மொதல்ல மேகம் வரும்" என்றார்.

மழை வந்தது. ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினாள். அம்மா வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"முசியே, இது கடைசி ஆச்சே!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. "தம்பி, டிஸ்கு நடுவுலேர்ந்து ஓடுது போல, மொதல்லேர்ந்து போடுப்பா" என்று புரொஜெக்டர்காரரிடம் சொன்னார். மறுபடி போட்டார். மறுபடி அதே மழை, அதே கதவு. இன்னொரு முறை நிறுத்தச் சொன்னார். முன்வரிசையில் விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்தேன். ஏனோ மறுபக்கத்திலிருந்து புரட்டினேன். மழை, கதவு, அம்மா. அடுத்த பக்கம், அடுத்த பக்கம். திரையில் பார்த்தது அப்படியே வரிசையாக வந்தது.

அப்போது என் மனதில் வந்தது அவர்மேல் இரக்கம் இல்லை. இத்தனை நாள் நானும் ஏமாந்திருக்கிறேனே என்ற ஆத்திரம். பிழை பிடிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவள் ஊர் முன்னால் இப்படி மாட்டிக்கொண்டேனே என்ற பயம். மைக்கை அவர் கையிலிருந்து வாங்கினேன். வாங்கினேன் என்று நாசூக்காக எழுதுகிறேன். பார்த்த உங்களுக்குத் தெரியும், பிடுங்கினேன்.

"மன்னிக்கணும். நம்ம முசியே புஸ்தகத்தத் தலைகீழாப் படிச்சிருக்காரு. இத்தனை நாளா நமக்கு ரிவர்ஸ் கியர்லதான் கதை சொல்லியிருக்காரு" என்றேன்.

கூடம் சிரித்தது. விருந்தினர் கைக்கடிகாரத்தை விட்டுவிட்டுச் சிரித்தார். பெற்றோர்கள் சிரித்தார்கள். மன்றத்து நண்பர்களே, நாம் எல்லோரும் சிரித்தோம். பிள்ளைகள் மட்டும் சிரிக்கவில்லை, அவர்கள் முசியேவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் கையை நீட்டி மைக்கைத் திரும்பக் கேட்டார். படம் முழுக்க நின்று, ஒரு வசனம் விடாமல் தமிழில் சொன்னார். பூனை காற்றைக் கொடுத்தது, குடை அக்கா வாங்கினாள். ஓட்டுநர் மின்னலைக் கொடுத்தார், வாங்கினாள். எல்லாச் சக்தியும் சேர்ந்தது. அவள் மேகத்துக்கு மேலே போனாள். கீழே ஒரு வாசலில் ஓர் அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். முடிந்தது. அந்தக் கடைசிக் காட்சியை அவர் சொன்னபோது குரலில் ஒன்றும் தெரியவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

விளக்குப் போட்டதும் முன்வரிசையில் பிள்ளைகளோடு இருந்த நிவேதா எழுந்து நின்றாள். அப்போது அவளுக்கு ஏழு வயதிருக்கும். "அப்ப அக்கா வூட்டுக்கு வரவே மாட்டாங்களா முசியே?"

"படத்துல வரலம்மா" என்றார். பிறகு எல்லோரையும் பார்த்து, "பசங்களா, தப்பு என்னுதுதான். தப்பான பக்கத்துலேர்ந்து படிச்சிட்டேன். உங்களுக்கு இல்லாத கதையச் சொல்லிட்டேன். பார்தோன், மன்னிச்சிடுங்க" என்று கைகூப்பினார்.

பிள்ளைகளிடம் கைகூப்பிய அந்த மனிதரைப் பார்த்து நாம் கைதட்டினோம். பெருந்தன்மை என்று நான் நன்றியுரையில் வேறு சொன்னேன். அவர் கேட்கத் தேவையில்லாத மன்னிப்பு அது. வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டோம். புரொஜெக்டர், அது வரவே இல்லை.

அதற்குப் பிறகு அவருக்கு ‘ரிவர்ஸ் முசியே’ என்று பெயர் விழுந்தது. பெயர் வைத்த புண்ணியம் என்னுடையது. கூப்பிட்டால் சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். சனிக்கிழமை தவறாமல் வந்தார். நாற்காலி போட்டார், டிஸ்குகளுக்குத் தமிழ் சொன்னார். ஆனால் மின்சாரம் போனால் பையைத் திறக்க மாட்டார். பிள்ளைகள் கெஞ்சினால், "வசந்தாம்மா சொல்லுவாங்க. அவங்க கரெக்டா சொல்லுவாங்க" என்பார். கேலியாகச் சொன்னதில்லை, நிஜமாகவே நம்பித்தான் சொன்னார். நானும் ஒருமுறை எழுந்து, படத்தில் வந்த வரிசையில், ஒரு பிழை இல்லாமல் சொன்னேன். பாதியில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள்.

அவரிடம் வருத்தம் சொல்லலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் நான் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லையே என்று ஒரு பிடிவாதம். சரியாகச் சொன்னதற்கு யாராவது மன்னிப்புக் கேட்பார்களா? இந்த ஒரு கேள்வியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, வாராவாரம் அவர் கையால் தேநீர் வாங்கிக் குடித்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

செலின் பாரிசிலிருந்து வந்து சேர்ந்த பிறகுதான் அடக்கம் நடந்தது. கல்லறையிலிருந்து எல்லோரும் கலைந்த பின், நான் மட்டும் அவளோடு உப்பளத்து வீட்டுக்குப் போனேன். மேசைமேல் அந்தப் புத்தகம் கிடந்தது. எதையாவது பேச வேண்டுமே என்று, அந்தக் கூடத்தில் நடந்ததைச் சொன்னேன். மெருகு போடாமல்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவள் கேட்டுவிட்டு, "அதானா?" என்றாள். "ஒரு நாள் போன்ல கேட்டாரு. ‘நீ சின்னப் புள்ளையில இத எந்தப் பக்கத்துலேர்ந்து படிச்ச?’ன்னு. ‘உங்கள மாதிரிதான் பப்பா’ன்னு சொன்னேன். பொய்தான்."

"உனக்குத் தெரியுமா?"

"எங்க பிரெஞ்சு ஸ்கூல்ல எல்லாப் புள்ளைங்களுக்கும் தெரியும்க்கா. அப்படியே போட்டிருக்கும், மொத தாள்லயே. ‘நில்லுங்க, இது கடைசிப் பக்கம், அந்தப் பக்கம் திருப்புங்க’ன்னு." அவள் புத்தகத்தைத் திறந்து, கிழிந்த தாளின் ஓரத்தைத் தடவினாள். "நான்தான் கிழிச்சேன். பப்பா அத எப்பவும் படிக்காமத் தள்ளிடுவாரு, என்னைக்காவது பாத்துட்டா சரியாப் படிக்க ஆரம்பிச்சிடுவாரு. அப்ப அந்தப் பொண்ணு அம்மாவ வுட்டுட்டுப் போயிடும். எனக்கு அது வூட்டுக்கு வரணும்."

தாயில்லாத ஒரு சின்னப் பெண், தன் அப்பாவின் பிழையைக் கண்டுபிடித்து, அதை யாரும் திருத்திவிடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறாள். அதே பிழையைத்தான் நான் மைக் வைத்து ஊருக்குச் சொன்னேன். அவர் அன்றைக்கு, கதை போயிற்றே என்று வருந்தவில்லை. மகளுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டோமோ என்றுதான் தவித்திருக்கிறார். அந்தத் தவிப்போடுதான் பாரிசுக்குப் போன் போட்டிருக்கிறார். மகள் ஒரே வார்த்தையில் அவரைத் தேற்றிவிட்டாள். எனக்கு வாரம் ஒரு சனிக்கிழமை இருந்தும் அந்த வார்த்தை வரவில்லை.

அவள் என்னை வழியனுப்பத் தெருவுக்கு வந்தாள். எதிர்ச்சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டியிருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. முசியேவுக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு. சுவரில் அது வலது கன்னத்தில் இருந்தது. சட்டைப்பை வலது பக்கம் போயிருந்தது. நான் எழுதிய குறிப்பைத் தேவி அப்படியே செய்திருக்கிறாள். நான் திரும்பிப் போய் வேண்டாம் என்று சொல்லவில்லை. உப்பளம் முழுக்க, கருவடிக்குப்பம் வரைக்கும், அவரைத் திருப்பிப் போட்டு ஒட்டியாகிவிட்டது. இதுவரை ரிவர்ஸ் முசியே என்று வாயால்தான் சொல்லியிருந்தேன், இப்போது அச்சிலும் போட்டுவிட்டேன்.

"செலின், இது என் தப்பும்மா. படத்தத் திருப்பச் சொன்னது நான்தான். இன்னைக்கே வேற அடிச்சி ஒட்டச் சொல்றேன். அன்னைக்கு உங்க அப்பாகிட்ட கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பையும் சேத்து..." முடிக்க முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவில், அவள் துக்கத்துக்கு வந்த இடத்தில், நான் அழுதேன்.

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பப்பா சவரம் பண்றப்ப நான் பின்னாடி ஸ்டூல் மேல நிப்பேன். கண்ணாடியிலதான் அவரு மூஞ்சியப் பாப்பேன். மச்சம் இந்தப் பக்கம்தான் இருக்கும்" என்றாள். என் பக்கம் திரும்பினாள். "இருக்கட்டும்க்கா."

அவர் குரலில் இல்லை, ஆனால் அவர் சொல். எத்தனையோ பிழைகளை நான் திருத்தியிருக்கிறேன். என் பிழையை ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்து, அதில் தன் அப்பாவைக் கண்டுபிடித்து, அப்படியே விட்டுவிட்டது அன்றுதான்.

புத்தகத்தைச் செலின் எடுத்துப் போய்விட்டாள், அது அவளுடையது. என்னிடம் அந்தச் சுவரொட்டியில் ஒரு பிரதி இருக்கிறது. அச்சகத்தில் என் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன். சிவப்புப் பேனாவை எடுக்கும்போதெல்லாம் மச்சம் தப்பான கன்னத்தில் இருக்கும் அந்த மனிதர் என்னைப் பார்க்கிறார். வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கம் அங்கேயே இருக்கட்டும்.

நிவேதா, நீ இப்போது பெரிய வகுப்பில் இருப்பாய். அன்று நீ கேட்ட கேள்விக்கு முசியே வேறு பதில் சொல்ல முடியாதபடி செய்தவள் நான், அதனால் நானே சொல்கிறேன். வந்துவிட்டாளம்மா, உன் குடை அக்கா. குடை கிழிந்திருந்தது, நன்றாக நனைந்திருந்தாள். கதவு திறந்தது. அம்மா சோறு போட்டாள்.